பணம் கட்டியது பெப்சி இல்லை

"1996 உலகக்கோப்பைக்கு பெப்சிதான் அதிகாரபூர்வ ஸ்பான்சர், அதனால்தான் பேர் வாங்கியது, நம்ம மதுரைக் கடைக்காரர்களும் ஜல்லிக்கட்டுக்கு பேனர் வைக்கணும்" என்று மேலே ஒருவர் எழுதியிருக்கிறார். ஆளே மாறிப்போச்சு. அதிகாரபூர்வ பானம் கோக். பெப்சி அந்த 'அதிகாரபூர்வ'த்தையே சச்சினை வைத்துக் கிண்டலடித்து விளம்பரம் செய்தது, ஊர் முழுக்க அதுதான் பேச்சு.

ஸ்பான்சர் பணம் கட்டாமலே பேர் வாங்கலாம் என்பதுக்காக ஐபிஎல் அணி லோகோவைப் புரோட்டாக்கடை பிளக்ஸில் அடித்துவிடாதீர்கள். அது பதிவு செய்த வணிகச் சின்னம், நோட்டீஸ் வரும்.

அலங்காநல்லூரில் காளை அவிழ்க்கும்போது எவன் பேனரைப் பார்ப்பான்? கண்ணெல்லாம் வாடிவாசலில். சாயங்காலம் அத்தனை கூட்டமும் பசியோடு மதுரைக்குத் திரும்பும். காணும் பொங்கல் என்று மாஸ்டருக்கு லீவு விடாமல், அந்த ரோட்டில் கல்லைச் சூடாக வைத்திருக்கிற கடைக்குத்தான் வியாபாரம்.