சுவரில் ஏறிய பிரமிடு

மூன்று நாட்களாக நம் ஆசிரியர் குழுக்கள் அனைத்திலும் சுற்றிவரும் அந்த வகுப்பறைப் படத்தை நான் புதிதாக அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. சுவரின் பாதியை மறைக்கும் ஃப்ளெக்ஸ், அதில் ஆறு வண்ணங்களில் ப்ளூமின் பிரமிடு (நினைவுகூர்தல் தொடங்கிப் படைத்தல் வரை சிந்தனையை ஆறு படிகளாக அடுக்கிக் காட்டும் படம்), ஒவ்வொரு படிக்கும் எதிரே ஒரு செயலியின் சின்னம், அதன் கீழே கைகட்டி வரிசையில் நிற்கும் ஆறாம் வகுப்புப் பிள்ளைகள். அந்தப் படத்தின் கீழ் நான் கேட்டது ஒரே ஒரு கேள்வி: "இதில் பிள்ளைகள் வரைந்தது எந்தப் பகுதி?" அதற்குக் கிடைத்த பதில்களை நீங்களே படித்திருப்பீர்கள். எனக்குப் பொறாமையாம். நான் சுண்ணக்கட்டிக் காலத்து மனிதனாம்.

இருக்கட்டும். கேள்வி அப்படியே இருக்கிறது. சிந்தனைப் படிநிலைகளைக் கற்பிக்கிறோம் என்று ஒரு படத்தை மாட்டினால், அந்தப் படத்தை உருவாக்கும்போது சிந்தித்தவர் யார்? இணையத்திலிருந்து வார்ப்புருவை எடுத்த ஆசிரியரா, அச்சடித்த கடைக்காரரா, கீழே கைகட்டி நிற்கும் பிள்ளையா?

பிரமிடைப் பற்றியும் ஒரு சொல். பெஞ்சமின் ப்ளூமும் அவருடைய குழுவினரும் 1956-இல் அந்த வகைப்பாட்டு நூலை வெளியிட்டபோது அதில் பிரமிடு எதுவும் இல்லை. கல்லூரித் தேர்வாளர்கள் தங்களுக்குள் வினாக்களைப் பகிர்ந்துகொள்ள ஒரு பொதுமொழி வேண்டும் என்று கூடிப் பேசியதில் பிறந்த வேலை அது. வகுப்பறைச் சுவருக்காகச் செய்யப்பட்டதன்று. 2001-இல் ஆண்டர்சனும் க்ராத்வோலும் அதைத் திருத்தி, நினைவுகூர்தல், புரிந்துகொள்ளல், பயன்படுத்துதல், பகுத்தாய்தல், மதிப்பிடுதல், படைத்தல் என வினைகளாக மாற்றினார்கள். அப்போது அவர்கள் தந்தது ஓர் அட்டவணை: ஒரு பக்கம் இந்த ஆறு, மறுபக்கம் நான்கு வகை அறிவு, ஆக 24 கட்டங்கள். அந்த நான்கு வகை அறிவைப் பற்றி எந்தப் பயிற்சியிலாவது ஒரு மணி நேரம் பேசக் கேட்டிருக்கிறோமா? நான் கேட்டதில்லை. அட்டவணை ஃப்ளெக்ஸில் அழகாக இருக்காது என்பது ஒரு காரணமாக இருக்கலாம்.

செயலிச் சின்னங்களை ஒட்டியிருப்பது இன்னும் வேடிக்கை. வினாடி வினா நடத்தும் கஹூட் என்றால் நினைவுகூர்தல், படங்கள் வடிவமைக்கும் கேன்வா என்றால் படைத்தல் என்று யார் முடிவு செய்தது? ஆயத்த வார்ப்புருவில் தன் பெயரை மட்டும் தட்டச்சு செய்யும் பிள்ளை எதைப் படைத்தது? கஹூட்டிலேயே மூன்று முடிவுகளைத் தந்து, எது தரவுக்குப் பொருந்தவில்லை என்று கேட்டால் அது பகுத்தாய்வு. படிநிலை கேள்வியில் இருக்கிறது; செயலியின் சின்னத்தில் அது ஒட்டிக்கொண்டு வருவதில்லை.

என் பள்ளியில் நடந்த ஒன்றைச் சொல்ல வேண்டும். தற்பெருமை என்பவர்கள் இந்தப் பத்திகளைத் தாண்டிச் செல்லலாம். எங்கள் ஊர் புதுக்கோட்டைப் பக்கம். ஒரு ஜூலை நடுவில் ஏழாம் வகுப்புப் பிள்ளைகளை வெளியே அழைத்துச் சென்று, 20 அடிக் கொடிக்கம்பத்தின் நண்பகல் நிழல் முடியும் இடத்தில் ஒரு முளைக்குச்சி அடிக்கச் சொன்னேன். நிழல் கம்பத்துக்குத் தெற்கே ஏறத்தாழ 4 அடி. பொங்கல் விடுமுறை முடிந்து வந்ததும் மீண்டும் அளந்தோம். நிழல் இப்போது வடக்கே ஏறத்தாழ 12 அடி. நாங்கள்தான் தவறாக அடித்துவிட்டோம் என்று பாதி வகுப்பு சொன்னது. இரண்டு குச்சிகளையும் தன் ஏட்டில் வரைந்து வைத்திருந்த ஒரு சிறுமி, வகுப்பில் அதிகம் வாய் திறக்காதவள், எழுந்து கேட்டாள்: "அப்போ நடுவுல ஒரு நாள் நிழலே விழாம இருந்திருக்கணும்ல சார்?"

நான் பதில் சொல்லவில்லை. உயர்தொழில்நுட்ப ஆய்வகத்துக்கு அழைத்துச் சென்று எந்த ஊரின் வானத்தையும் எந்த நாளிலும் காட்டும் ஸ்டெல்லேரியம் மென்பொருளைத் திறந்து, எங்கள் ஊரைப் பொருத்தி, நாட்களை ஒவ்வொன்றாக அவர்களையே தள்ளச் சொன்னேன். ஆகஸ்ட் கடைசி வாரத்தில் ஒரு நாள், ஏப்ரல் மூன்றாம் வாரத்தில் ஒரு நாள். அதுவும் சரியாக 12 மணிக்கு இல்லை, 12.15-ஐ ஒட்டி. இந்தியக் கடிகாரம் நமக்குக் கிழக்கே உள்ள 82.5 பாகைத் தீர்க்கக்கோட்டைப் பார்த்து ஓடுகிறது என்பதை அன்றுதான் அவர்கள் நம்பினார்கள். டெல்லிக்கு மாற்றிப் பார்த்த ஒரு பையன், ஆண்டு முழுவதும் தேடியும் அப்படி ஒரு நாள் இல்லை என்று கத்தினான். சூரியன் நேர் உச்சிக்கு வருவதற்கு வடக்கு எல்லையான கடகரேகை பாடப்புத்தகத்திலிருந்து வெளியே வந்தது அப்போதுதான். ஏப்ரலில் கம்பத்தைச் சுற்றி நின்று பார்த்தோம். நிழல் கம்பத்தின் காலடிக்குள் ஒடுங்கியது.

இதில் கணினி இல்லையா? செயலி இல்லையா? படம் இல்லையா? ஆகவே, நான் தொழில்நுட்பத்துக்கு எதிரி என்று எழுதிய நண்பருக்கு இதற்குமேல் பதில் சொல்ல எனக்குப் பொறுமையில்லை.

"அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கு வண்ணமான வகுப்பறை கூடாதா?" என்று ஒரு சகோதரி கேட்டிருந்தார். இந்தக் கேள்வி மட்டும் என்னை உண்மையாகவே தடுமாற வைத்தது. வேண்டும். சுண்ணாம்பு உதிரும் சுவரைப் பார்த்துக்கொண்டே எட்டு ஆண்டுகள் படித்தவன் நான். அழகான அறையில் உட்கார்வது ஒரு பிள்ளைக்கு எவ்வளவு பெரிய மதிப்பு என்று எனக்குத் தெரியும். கைக்காசைச் செலவழித்து அதைச் செய்யும் ஆசிரியர்களை நான் குறைத்துச் சொல்லவில்லை. ஆனாலும் அந்தச் சுவரில் பாதியைப் பிள்ளைகளுக்கு விடுங்கள் என்பதுதான் என் வேண்டுகோள். கோணலாக வரைவார்கள், எழுத்துப்பிழை இருக்கும், புகைப்படத்தில் எடுப்பாக வராது. சிக்கல் அந்தக் கடைசிச் சொல்லில்தான் இருக்கிறது என்பது நம் எல்லோருக்கும் தெரியும்.

ஏனென்றால் இப்போது வகுப்பறைக்கு வருபவர்களின் கண் முதலில் சுவருக்குத்தான் போகிறது. சென்ற மாதம் என் வகுப்பைப் பார்வையிட வந்தவர், நிழல் அளந்த ஏடுகளைக் காட்டியபோது கையில் வாங்கவில்லை. "சிந்தனைப் படிநிலை சார்ட் எங்கே சார்?" என்று கேட்டார். இல்லை என்றேன். ஏதோ குறித்துக்கொண்டார். பிள்ளைகள் முன்னால், நேற்றுப் பணியில் சேர்ந்தவர்கள் முன்னால், இருபத்திரண்டு ஆண்டுகள் வேலை பார்த்தவனிடம், பக்கத்து வகுப்பைப் பார்த்துக் கற்றுக்கொள்ளச் சொன்னார். அந்தச் சிறுமி தன் ஏட்டை மெல்ல மூடிப் பைக்குள் வைத்ததை நான் பார்த்தேன். பொறாமை என்று எழுதியவர்களே, இதைத்தான் நீங்கள் பொறாமை என்கிறீர்கள் என்றால் ஆம், இருக்கிறது. அந்த ஃப்ளெக்ஸுக்குக் கிடைத்த பார்வையில் பத்தில் ஒரு பங்கு அந்த ஏட்டுக்குக் கிடைத்திருக்கலாம் என்ற பொறாமை.

கருத்தை நீக்கிவிடுங்கள், வீண் வம்பு எதற்கு என்று இருவர் உள்பெட்டியில் அன்போடு கேட்டிருக்கிறார்கள். நீக்கவில்லை. அந்தப் படத்தில் பிள்ளைகள் வரைந்தது எந்தப் பகுதி என்று யாரேனும் சொல்லும்வரை அது அங்கேயே இருக்கும்.