ஜனவரி 1இல் பிறந்தவர்கள்

மூன்று ஆண்டுகளாக எங்கள் வீட்டில் ஓர் ஆப்கானியப் பையன் வளர்கிறான். பதினைந்து வயதில் பெற்றோர் துணையின்றி ஆங்கிலக் கால்வாயை ரப்பர் படகில் கடந்து வந்து, தஞ்சம் கோரியவன். அவனை அடையாளம் காட்டக்கூடிய விவரங்களைத் தவிர்த்தும் மாற்றியும் எழுதுகிறேன். இங்கிலாந்தில் இப்படித் தனியாக வரும் பிள்ளைகள் 1989ஆம் ஆண்டுக் குழந்தைகள் சட்டத்தின்படி உள்ளூர் கவுன்சிலின் பொறுப்பில் வருகிறார்கள். அப்படித்தான் ஒரு செப்டம்பர் மாத இரவில், கையில் ஒரு பிளாஸ்டிக் பையோடு, சமூகப் பணியாளரின் காரிலிருந்து எங்கள் வாசலில் இறங்கினான்.

அவன் குடும்பம் பிறகு கைபேசியில் படமெடுத்து அனுப்பிய ஆப்கானிய அடையாளத் தாளில் பிறந்த தேதி என்று ஒன்று கிடையாது. '1395இல் வயது 9' என்று மட்டும் இருந்தது. அவர்களுடைய சூரிய நாட்காட்டியில் 1395 என்பது 2016 மார்ச்சில் தொடங்கிய ஆண்டு. நாளும் மாதமும் தெரியாத இடத்தில் இந்த நாட்டு அலுவலர்கள் வழக்கமாக ஜனவரி 1 என்று எழுதிவிடுகிறார்கள். பள்ளியில் சேர்க்கும்போது தலைமையாசிரியர் ஜூன் 1 என்று போட்ட தேதியையே வாழ்நாள் முழுவதும் சுமந்த என் தாத்தாவை நினைத்து முதலில் சிரித்தேன். தாத்தாவுக்கு அதனால் ஓய்வு பெறும் நாள் மட்டுமே முன்னேபின்னே ஆனது. இங்கே அந்தத் தேதியைக் கொண்டுதான் ஒரு பையன் எந்த வீட்டில் தூங்குவான், யார் அவனுக்குப் பொறுப்பு என்பதெல்லாம் முடிவாகிறது.

அதே படகில் அவனுடைய ஊர்க்காரப் பையன் ஒருவனும் வந்தான். தங்களுக்குள் ஒரு வயதுதான் வித்தியாசம் என்று இருவரும் சொல்கிறார்கள். கோப்பில் அது இரண்டாகிவிட்டது. பதினைந்து என்று எழுதப்பட்டவன் எங்களிடம் வந்தான். பதினேழு என்று எழுதப்பட்டவனை ஐந்து பையன்கள் தங்கும் ஒரு பகிர்வு வீட்டில் வைத்தார்கள். வாரத்தில் சில மணிநேரம் ஒரு பணியாளர் வந்து பார்த்துவிட்டுப் போவார். வளர்ப்பு வீட்டில் இருப்பவன், இரு தரப்பும் விரும்பினால், 21 வயது வரை அங்கேயே தொடர 2014ஆம் ஆண்டுச் சட்டம் வழிசெய்கிறது. பகிர்வு வீட்டில் இருப்பவனுக்கு அந்த வழி இல்லை. ஜனவரி 1 வந்தது. மூன்றரை மாதங்களுக்கு முன் கரையேறியவன் வயதுவந்தவனாகிவிட்டான். இரண்டாவது வாரத்தில் அவனை வேறு ஊருக்கு மாற்றினார்கள். அப்போதுதான் இடம் கிடைத்திருந்த ஆங்கில வகுப்பு அத்தோடு நின்றது.

இன்னொரு கணக்கும் இருக்கிறது. கவுன்சிலின் பராமரிப்பை விட்டு வெளியேறும் இளைஞர்களுக்குத் தனி ஆலோசகர், வாழ்க்கைத் திட்டம், 25 வயது வரை கேட்டுப் பெறக்கூடிய உதவி ஆகியவை உண்டு. ஆனால் அவற்றை முழுமையாகப் பெற, பதினெட்டுக்கு முன் மொத்தம் 13 வாரங்களாவது பராமரிப்பில் இருந்திருக்க வேண்டும். பகிர்வு வீட்டுப் பையன் இரண்டு வாரச் சொச்சத்தில் தப்பினான். அதே ஜனவரி 1ஐப் பெற்று, அக்டோபர் நடுவில் கரையேறியிருந்தால் அந்த உரிமையே அவனுக்கு இருந்திருக்காது.

'தற்சார்பு' என்ற சொல்லை நான் இந்த மூன்று ஆண்டுகளில் கேட்ட அளவுக்கு வாழ்நாளில் கேட்டதில்லை. அதை அளக்க ஒரு படிவம் இருக்கிறது: முட்டை வேகவைப்பானா, துணி துவைக்கும் இயந்திரத்தை இயக்குவானா, பேருந்தில் தனியாகப் போவானா? ஈரான், துருக்கி, பல்கேரியா, செர்பியா என்று கடந்து வந்தவனிடம், இஸ்தான்புல்லில் ஒரு தையல் பட்டறையில் எட்டு மாதம் வேலை செய்து தன் வழிச்செலவைத் தானே சம்பாதித்தவனிடம், பேருந்தில் ஏறத் தெரியுமா என்று கேட்டார்கள். அடுப்பு பற்றிய கேள்வியில் 'உதவி தேவை' என்று குறித்தார்கள், எங்கள் வீட்டு மின்னடுப்பை அவன் முன்பின் பார்த்ததில்லை என்பதற்காக. கிழிந்த ஜாக்கெட்டைப் புதிதுபோல் தைத்துக் கொடுப்பதற்கு அந்தப் படிவத்தில் கட்டமே இல்லை.

அவனுக்கு உண்மையில் தெரியாதிருந்தது வேறு. வேண்டாம் என்று சொல்லத் தெரியாது. வழியெல்லாம் ஆள்கடத்துபவனிடமும் காவலரிடமும் தலையாட்டித்தான் உயிரோடு வந்து சேர்ந்திருக்கிறான். ஆகையால் மருத்துவர் கேட்டாலும் வழக்கறிஞர் கேட்டாலும், மொழிபெயர்ப்பாளர் வேறு வட்டார மொழி பேசினாலும், 'ஓகே, நோ ப்ராப்ளம்' என்பான். நீட்டிய தாளில் எல்லாம் கையெழுத்திடுவான். 'எனக்குப் புரியவில்லை, மறுபடி சொல்லுங்கள்' என்று ஓர் அலுவலரிடம் அவன் சொல்ல ஓராண்டுக்கு மேல் ஆனது. அதற்குச் சில வாரங்கள் முன்புதான் என் சாம்பாரைத் தட்டோடு தள்ளிவைத்து, பிடிக்கவில்லை என்றான். என் கணவர் முகம் சுருங்கியது; எனக்கு மகிழ்ச்சி தாங்கவில்லை.

இந்தத் துணிவு பட்டியல் போட்டுக் கற்றுக்கொடுத்து வருவதில்லை. தினமும் அதே முகம் எதிரில் இருக்க வேண்டும், கோபித்துக்கொண்டாலும் மறுநாள் காலையில் தேநீர் கிடைக்க வேண்டும். பகிர்வு வீட்டுப் பையனுக்கு இரண்டு ஆண்டுகளில் மூன்று ஆலோசகர்கள் மாறினார்கள். ஒவ்வொருவரிடமும் கதையை முதலிலிருந்து சொல்ல வேண்டியிருந்தது. தஞ்சக் கோரிக்கை முடிவாகும் வரை அவன் வேலைக்குப் போகவும் முடியாது. ஓராண்டு கடந்தபின் அனுமதி கேட்கலாம் என்றாலும், குறிப்பிட்ட சில தொழில்களுக்கு மட்டுமே கிடைக்கும். சொந்தக் காலில் நில் என்று சொல்லிக்கொண்டே காலைக் கட்டிப்போடுவதை வேறு என்னவென்று சொல்வது? ஊரில் அவனை அனுப்ப வாங்கிய கடன் அப்படியே நிற்கிறது, தாய் ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் அழைக்கிறார். இந்த நிலையில் இருப்பவனிடம், கார் கழுவும் இடத்தில் கையில் காசு தருகிறேன் என்று ஒருவன் வருவது ஆச்சரியமில்லை.

எங்கள் தெருமுனையில் கடை வைத்திருக்கும் யாழ்ப்பாணத்து அண்ணன் ஒருவர் தொண்ணூறுகளில் பதினாறு வயதில் தனியாக இங்கே வந்தவர். ஒரே அறையில் ஆறு பேராகத் தங்கியதைச் சிரித்துக்கொண்டே சொல்வார். 'பசியும் குளிரும் பெரிசாத் தெரியேல்லை தங்கச்சி, தபால்காரன் வந்தாத்தான் நெஞ்சு இடிக்கும்' என்றார் ஒரு நாள். அவருக்கு அந்தக் கடிதத்தைப் படித்துச் சொல்ல ஊர்க்காரர் ஒருவர் இருந்தார். எந்த வழக்கறிஞரிடம் போவது, எவனிடம் போகக்கூடாது என்று சொல்லவும் ஆள் இருந்தது.

அப்படி ஓர் ஆளைச் சட்டமே நியமிக்க முடியும். ஸ்காட்லாந்தில் 2015இல் இயற்றிய சட்டப்படி, பெற்றோர் துணையின்றி வரும் பிள்ளைக்குச் சார்பற்ற காப்பாளர் ஒருவர் நியமிக்கப்படுகிறார். வட அயர்லாந்திலும் அந்த ஏற்பாடு உண்டு. காப்பாளர் கவுன்சிலின் ஆளும் அல்ல, தஞ்சக் கோரிக்கையை முடிவுசெய்யும் உள்துறையின் ஆளும் அல்ல. நேர்காணலில் உடனிருப்பார், கடிதங்களை விளக்குவார். இங்கிலாந்தில் ஆள்கடத்தலுக்கு உள்ளானதாகக் கருதப்படும் பிள்ளைகளுக்கு மட்டுமே இதுபோன்ற ஒரு சேவை இருக்கிறது. எல்லாப் பிள்ளைகளுக்கும் அது வேண்டும் என்பதும், தஞ்சக் கோரிக்கை முடிவாகாத எவரையும் பிறந்தநாளைக் காட்டி இருக்கும் இடத்திலிருந்து பெயர்க்கக்கூடாது என்பதும் என் கருத்து.

வயதைக் குறைத்துச் சொல்பவர்கள் இல்லையா என்று இதைப் படிப்பவர்கள் கேட்பார்கள். இருக்கிறார்கள். அதனால்தான் தோற்றத்தை மட்டும் வைத்து முடிவெடுக்காமல், முறையாக விசாரிக்க வேண்டும் என்று 2003இல் நீதிமன்றம் நெறி வகுத்தது. பெரியவர்கள் என்று தவறாக முத்திரை குத்தப்பட்டு, அறிமுகமில்லாத ஆண்களோடு விடுதி அறையில் தங்கவைக்கப்பட்ட சிறுவர்களும் இருக்கிறார்கள். 2021 ஜூலை முதல் உள்துறை நேரடியாக விடுதிகளில் வைத்திருந்த சிறுவர்களில் 200 பேர் காணாமல் போய் இன்னும் திரும்பவில்லை என்று 2023 ஜனவரியில் அமைச்சரே நாடாளுமன்றத்தில் ஒப்புக்கொண்டார்.

எங்கள் பையன் பதினெட்டுக்கு முன்பே அகதியாக ஏற்கப்பட்டான். முடிவு வந்த அன்று முதல் கேள்வியாக, அம்மாவை எப்போது அழைக்கலாம் என்று கேட்டான். ஜெர்மனியில் அகதியாக ஏற்கப்பட்ட சிறுவன் பெற்றோரை அழைக்கலாம்; இங்கே சிறுவருக்கு அந்த உரிமை கிடையாது. அதை அவனிடம் சொல்லும் வேலை எனக்கு வாய்த்தது. இப்போது அவன் கல்லூரியில் குழாய்ப் பணி படிக்கிறான், மாடி அறையில்தான் இருக்கிறான்.

மற்றவனுக்கும் பிறகு அனுமதி கிடைத்துவிட்டது. எந்தக் கடிதம் வந்தாலும் வாட்ஸ்அப்பில் படமெடுத்து எனக்கு அனுப்புகிறான். போன ஜனவரி 1 அன்று இருவருக்கும் சேர்த்துக் கேசரி கிண்டினேன். அவன் தன் தாயைக் காணொளியில் அழைத்து, நான் உண்மையில் எப்போது பிறந்தேன் என்று சிரித்துக்கொண்டே கேட்டான். தாய் யோசிக்கவே இல்லை. முற்றத்து மரத்தில் மல்பெரி பழுத்து உதிர்ந்துகொண்டிருந்த நாட்கள் என்றார். அவர்கள் ஊரில் மல்பெரி பழுப்பது மே கடைசியிலும் ஜூனிலும்தானாம்.