தேன்பெட்டிக்கு முன்னால் ஒரு வேலி

திருகோணமலையில் தேனீ வளர்க்க ஆசைப்பட்டு என்னிடம் வருகிறவர்கள் முதலில் கேட்பது, பெட்டி எங்கே வாங்கலாம், என்ன விலை என்பதைத்தான். நான் திருப்பி ஒரு கேள்வி கேட்பேன்: ஆடி, ஆவணியில் உங்கள் ஒழுங்கையில் என்ன பூக்கும்? பெரும்பாலானவர்கள் யோசிக்கிறார்கள். பிறகு செவ்வரத்தை என்கிறார்கள், கடதாசிப்பூ என்கிறார்கள். கடதாசிப்பூ மதிலுக்கு மேலே எவ்வளவுதான் சிவந்து குலுங்கினாலும் தேனீக்கு அதில் பெரிதாக ஒன்றும் கிடைப்பதில்லை. அடுக்குச் செவ்வரத்தையும் ஏறக்குறைய அப்படித்தான்.

இதை எழுத வைத்தது கோபம். வாழ்வாதார உதவி என்று சொல்லி எங்கள் பக்கத்துக் கிராமம் ஒன்றில் தேன்பெட்டி பகிர்ந்தார்கள். யார் என்பது முக்கியமில்லை, நல்ல மனதோடுதான் கொடுத்தார்கள். மாரி முடிந்த கையோடு கொடுத்தபோது பெட்டிகளிலிருந்த தேனீக் குடிகள் நன்றாக இருந்தன. வேம்பு பூத்தபோது இன்னும் நன்றாக இருந்தன. பிறகு கச்சான் காற்று தொடங்கியது. தரை வெடித்தது, பற்றைகள் காய்ந்தன, பெட்டிகள் ஒவ்வொன்றாக வெறுமையாகின. கடைசியில் அந்தப் பெண்களைப் பார்த்து, "உங்களுக்குப் பராமரிக்கத் தெரியவில்லை" என்று சொல்லிவிட்டுப் போனார்கள். எனக்குப் பொறுக்கவில்லை. எறும்பு ஏறாமல் பெட்டியின் கால்களைத் தண்ணீர் ஊற்றிய தகர டின்களில் நிறுத்தியிருந்தார்கள். நிழல் கொடுத்திருந்தார்கள். மெழுகுப்பூச்சி விழுந்த அடைகளை வெட்டி எறிந்திருந்தார்கள். ஒரு மனிதரால் செய்யக்கூடிய எல்லாவற்றையும் செய்திருந்தார்கள். வெயிலில் கருகிய கிராமத்தில் பூவை அவர்கள் எங்கிருந்து கொண்டுவருவது?

எங்கள் நாட்டில் பெட்டியில் வளர்ப்பது மரப்பொந்துகளில் கூடு கட்டும் இந்தியத் தேனீயை. ஐரோப்பியத் தேனீ, சேமித்த தேனை வைத்துக்கொண்டு குளிர்காலம் முழுவதையும் கூட்டுக்குள்ளேயே கழிக்கப் பழகியது. எங்களுடையதற்கு அந்தப் பொறுமை கிடையாது. பஞ்சம் என்று கண்டால் புழு வளர்ப்பதை நிறுத்தும், இருக்கிற தேனைக் குடிக்கும், ராணியோடு மொத்தக் குடியும் கிளம்பிவிடும். வறண்ட காட்டில் பல்லாயிரம் ஆண்டுகள் பிழைத்ததே இப்படித்தான். வாசலில் நின்று பார்க்கிறவருக்கு அறிகுறி தெரியும். பின்னங்கால்களில் மஞ்சள் உருண்டையோடு வந்து இறங்குகிறவை குறையும். உள்ளே திறந்து பார்த்தால் முட்டை இல்லாத அறைகள். அதற்குப் பிறகு பெட்டிக்குக் கற்பூரம் காட்டினாலும் நிற்காது.

1950களில் மார்ட்டின் லிண்டாவர் என்ற ஜேர்மனிய ஆய்வாளர் இலங்கைக்கு வந்து, பூ இருக்கும் திசையையும் தூரத்தையும் இங்குள்ள தேனீக்கள் எப்படி நடனமாடிச் சொல்கின்றன என்று ஆராய்ந்தார். அந்த நடனத்தின் பொருளை முதலில் கண்டு 1973இல் நோபல் பரிசு பெற்ற கார்ல் வொன் ஃபிரிஷின் மாணவர் அவர். எங்கள் பொந்துத் தேனீ ஐரோப்பியத் தேனீயைவிடக் குறுகிய தூரத்துக்குள்ளேயே உணவு தேடுகிறது என்பது அவர் கண்டவற்றில் ஒன்று. பெரும்பாலும் ஒரு கிலோமீற்றருக்குள் என்று வைத்துக்கொள்ளலாம். உப்புவெளியில் என் வளவைச் சுற்றி அந்தத் தூரத்தில் கோடு கீறினால் உள்ளே விழுவது கடற்கரையின் ஒரு துண்டு, பிரதான வீதியின் ஒரு துண்டு, சில ஒழுங்கைகள். என் தேனீக்களின் நாடு இவ்வளவுதான். அந்த நாட்டைத்தான் நாங்கள் வளவு வளவாகச் சீமெந்தால் மூடிக்கொண்டிருக்கிறோம்.

எங்கள் ஒழுங்கையின் இரண்டு பக்கமும் முன்பு உயிர்வேலிதான். கிளுவை, பூவரசு, முள்முருக்கு, சீமைக்கிளுவை, இடையிடையே ஆடாதோடையும் நொச்சியும். கதியால் வெட்டி நட்டு, கிடுகு கட்டி, வருடத்துக்கு ஒரு தடவை வேலியடைப்பு நடக்கும். சீமைக்கிளுவை பனிக்காலம் முடியும்போது இளஞ்சிவப்பாகப் பூக்கும், அதன் கீழே நின்றால் இரைச்சல் கேட்கும். பூவரசு வருடத்தில் பெரும்பகுதி பூ வைத்திருக்கும். காலையில் மஞ்சளாக விரிந்து, வாடும்போது செம்மை ஏறும் பூ அது. போர் முடிந்து வீடுகள் எழும்பின, எழும்பத்தான் வேண்டும். கூடவே மதில்களும் எழும்பின. முதலில் வீதியோரத்து வீடுகளுக்கு, பிறகு உள் ஒழுங்கைகளுக்கு. வெளிநாட்டில் இருக்கும் பிள்ளை பணம் அனுப்பினால் அம்மாவுக்குக் கிணறு கட்டிக் கொடுப்பதைவிட முதலில் மதில் கட்டிக் கொடுப்பது வழக்கமாகிவிட்டது. முள்முருக்குக்கு இன்னொரு அடியும் விழுந்தது. இலைகளில் முடிச்சு முடிச்சாக வீங்கச் செய்யும் ஒரு நுண்ணிய குளவி 2000களில் ஆசிய நாடுகளில் பரவி மரங்களைக் கருக்கியது. கலியாண வீட்டுக் கன்னிக்கால் ஊன்ற ஒரு முள்முருக்கங் கிளைக்காக ஊர் ஊராகத் தொலைபேசி எடுக்கிற நிலைக்கு வந்துவிட்டோம்.

எனக்கு இந்தப் பூக்கணக்கைக் கற்றுத்தந்தது மோட்டார் சைக்கிள். அப்பா ஓடிய ஹொண்டா 125, இரட்டைச் சிலிண்டர். உதிரிப்பாகம் தேவைப்பட்டால் கொழும்புப் பஞ்சிகாவத்தையில் யாரையாவது பிடிக்க வேண்டும், ஆனாலும் இதை விற்கும் எண்ணம் எனக்கு இல்லை. மணிக்கு 40 கிலோமீற்றருக்கு மேல் நான் ஓடுவதில்லை. அந்த வேகத்தில், தலைக்கவசத்தின் கண்ணாடியைத் தூக்கிவிட்டு ஓடினால் ஊர் மூக்குக்குள் வரும். பங்குனி, சித்திரையில் வேப்பம்பூ வாசம் வீதியை மூடியிருக்கும். பழைய கோவில் குளக்கட்டுகளில் இலுப்பை நிற்கும் இடத்தை விடியற்காலையில் கண்ணை மூடிக்கொண்டே சொல்லலாம், இரவில் மலர்ந்த பூ உதிர்ந்து கிடக்கும் வாசம் அவ்வளவு கனமானது. காரில் குளிரூட்டியைப் போட்டுக்கொண்டு போகிறவருக்கு இது ஒன்றும் தெரியாது. எந்த மாதம் எந்த முடக்கில் என்ன பூத்தது என்று ஒரு கொப்பியில் குறித்துவைத்திருக்கிறேன். தேனீ வளர்ப்பில் எனக்கு அதைவிடப் பயன்பட்ட கருவி வேறில்லை.

மூன்று வீதிகள் எனக்கு மூன்று பள்ளிக்கூடங்கள். கன்னியா தாண்டி, பன்குளம் தாண்டி ஹொரவப்பொத்தானைக்குப் போகிற வீதியில் பாலையும் வீரையும் முதிரையும் நிற்கும் உலர்காடு. வைகாசி, ஆனியில் அங்கே பாலைப்பழம் விற்பார்கள், தின்றால் உதடு ஒட்டிக்கொள்ளும். அந்த வீதியில் பொழுது சாய்ந்த பிறகு நான் ஓடமாட்டேன், யானை நிற்கும். யானைக்கும் தேனீக்கும் உள்ள கணக்கு இலங்கையிலேயே ஆராயப்பட்டிருக்கிறது. கலைந்த தேனீக்களின் இரைச்சலைப் பதிவுசெய்து உடவளவையில் காட்டு யானைகளுக்குக் கேட்கவைத்தபோது அவை பின்வாங்கின என்று 2018இல் ஆய்வு வெளியானது. அத்தனை பெரிய உருவம் இத்தனை சிறியதற்கு வழிவிடுகிறது என்பதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு உடம்பு சிலிர்க்கும். வடக்கே புல்மோட்டை வீதியில் நிலாவெளி உப்பளங்களைக் கடந்தால் கடலோர மணலில் அடம்பன் படர்ந்து ஊதாப் பூவாகக் கிடக்கும். தெற்கே கிண்ணியா. 2009இல் திறந்த 396 மீற்றர் பாலம் வருவதற்கு முன்பு அந்த இடத்தைப் 'பாதை' என்கிற மிதவைப் படகில் ஏறித்தான் கடக்க வேண்டியிருந்தது. இப்போது பாலத்தில் வண்டியை மெதுவாக்கினால் கண்டல் காட்டின் சேற்று வாசம் வரும். இன்னும் கீழே, மூதூர் தாண்டி வெருகல் பக்கம் கரையோர வேடர் குடியிருப்புகளில் தேன் எடுக்கிற பெரியவர்கள் இருக்கிறார்கள். இது பாலைப்பூத் தேன், இது வீரைப்பூத் தேன் என்று நாக்கில் வைத்ததும் சொல்வார்கள். அவர்களோடு ஒரு மணித்தியாலம் இருந்தால், அரைநாள் பயிற்சிப் பட்டறைகளில் நாங்கள் எதைத் தவறவிடுகிறோம் என்று விளங்கும்.

2022இல் பெற்றோல் தட்டுப்பாடு வந்தபோது எரிபொருளைப் பங்கிட்டுக் கொடுத்த கியூஆர் முறையில் மோட்டார் சைக்கிளுக்கு வாரத்துக்கு 4 லீற்றர்தான். சாமான் வாங்க, வேலைக்குப் போக அதுவே காணாது. ஊர் சுற்றல் நின்றது, வளவுக்குள் நின்று பார்க்கிற பழக்கம் வந்தது. அதே வருடம் சீனி விலையும் ஏறியது. பஞ்ச காலத்தில் தேனீக்குச் சீனிப்பாகு வைக்கலாம் என்று எல்லாக் கையேடுகளும் சொல்கின்றன. பிள்ளையின் தேநீருக்கே சீனியை எண்ணிப் போடுகிற வீட்டில் தேனீக்குப் பாகு காய்ச்ச யாருக்கு மனம் வரும்? செடி வைத்தவன் பெட்டியைக் காப்பாற்றினான். இதை என் கண்ணால் பார்த்த பிறகுதான் நாட்டுச் செடி என்று பிடிவாதமாகப் பேசத் தொடங்கினேன்.

பிடிவாதம் என்றாலும், வெளியிலிருந்து வந்தது எல்லாவற்றையும் பிடுங்கி எறியச் சொல்கிறவன் நான் இல்லை. புளி ஆபிரிக்காவிலிருந்து வந்தது, சீமைக்கிளுவை அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்தது, இரண்டிலும் தேனீ குடிக்கிறது. நான் கேட்பது, எங்கள் வெயிலையும் உப்புக்காற்றையும் கிணற்றுத் தண்ணீர் இல்லாமலே தாங்கிப் பூக்கக்கூடியவற்றுக்கு முதலிடம் கொடுங்கள் என்பதுதான். பூவரசு, நொச்சி, புங்கை, ஆவரசு, எருக்கலை. முருங்கை இருந்தால் வீட்டுக்கும் கறி. தென்னை மாதாமாதம் பாளை வெடித்து மகரந்தம் தரும், அதை வெட்டிவிட்டு மதிலோரம் அலங்காரப் பனை வைக்கிறவர்களை எனக்கு விளங்கவே இல்லை. கோட்டைப் பக்கத்தில் இருக்கிற நண்பர் வீட்டில் வேறு தொல்லை: பிரட்ரிக் கோட்டையின் புள்ளிமான்கள் நகருக்குள்ளே வந்து கன்றுகளை மேய்ந்துவிடும். அங்கே நொச்சியும் ஆடாதோடையும் எருக்கலையும்தான் தப்பி நிற்கின்றன.

பெட்டித் தேனீயை மட்டும் தேனீ என்று நினைக்கவேண்டாம். இலங்கையில் ஏறக்குறைய 150 இனத் தேனீக்கள் பதிவாகியிருக்கின்றன. கத்தரி, தக்காளி, ஆவரசு, கொன்றை போன்ற பூக்களில் மகரந்தப் பைகள் நுனியில் சிறு துளை மட்டுமே உள்ளவை. உள்ளே இருப்பதை உதிர்க்கப் பூவையே அதிரவைக்க வேண்டும், பெட்டித் தேனீக்கு அந்த வித்தை தெரியாது. எங்கள் வளவில் அதைச் செய்வது நீலக்கோடு போட்ட ஒரு தனித் தேனீ. காலையில் கத்தரிச் செடிக்குப் பக்கத்தில் குந்தியிருந்தால் பார்க்கலாம். ஊதாப் பூவைக் கீழிருந்து கட்டிப்பிடித்துத் தொங்கும், இறக்கை அசையாது, உடம்பு மட்டும் அதிரும். மெல்லிய சீறல் போல ஒரு சத்தம். வயிற்றில் மஞ்சள் தூள் கொட்டும். ஒரு கணம்தான், அடுத்த பூவுக்குப் போய்விடும். பொழுதுபட்டதும் ஆண் தேனீக்கள் காய்ந்த தும்பைத் தண்டில் வரிசையாக வந்து, தாடையால் தண்டைக் கவ்விப் பிடித்தபடி தூங்கும். காலும் காற்றில், உடலும் காற்றில். அந்தக் காய்ந்த தண்டைத்தான் நாங்கள் "வளவு துப்புரவில்லை" என்று பிடுங்கி எரிக்கிறோம்.

வேலி என்றதும் முதலில் வருகிற பயம் பாம்பு. பாம்பு எலியைத் தேடி வருகிறது, மதிலடியில் குவித்த குப்பையிலும் கல்லிலும் எலி இருக்கும். வேலியின் அடியைக் கூட்டித் துப்புரவாக வைத்திருந்தால் போதும். டெங்குப் புகையைப் பற்றியும் சொல்ல வேண்டும். 2017இல் கிண்ணியாவில் டெங்கு எப்படி உயிர்களைக் கொண்டுபோனது என்று பார்த்த எவரும் புகை அடிக்கவேண்டாம் என்று சொல்லமுடியாது. ஆனால் எந்த நேரம் வருகிறார்கள் என்று பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் முதல்நாளே கேட்டுக்கொண்டால், பெட்டியின் வாசலை வலையால் மறைத்து மேலே ஈரச்சாக்குப் போட்டுவைக்கலாம். புகை அடங்கியதும் திறந்துவிடுங்கள், வெயிலில் மூடியே வைத்தால் உள்ளே வெந்துவிடும்.

சின்னப்பிள்ளை இருக்கிற வீடு, கொட்டினால் என்ன செய்வது என்று பயப்படுகிறவர்களுக்குக் கொசுத்தேனீ இருக்கிறது. அதற்குக் கொடுக்கு இல்லை. பழைய சுவர் வெடிப்பிலும் மின்மானிப் பெட்டிக்குள்ளும் குடியிருக்கும். வெளியே பிசினால் செய்த சிறு குழாய் ஒன்று மட்டும் நீட்டியிருக்கும். தேன் கொஞ்சம்தான் தரும், புளிப்புக் கலந்த சுவை. மதில் கட்டியே தீருவேன் என்று நிற்கிறவர்களிடமும் எனக்கு ஒரு கோரிக்கை உண்டு: பழைய சுவரை இடிக்கவோ பூசவோ முன்னர் அந்தக் குழாய் எங்காவது நீட்டியிருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் மேசனிடம் சொல்லி அந்த ஒரு சாண் இடத்தைச் சீமெந்து படாமல் விட்டுவிடுங்கள். இடித்துத்தான் ஆகவேண்டும் என்றால் எனக்கு ஒரு செய்தி போடுங்கள், மாலையில் வண்டியில் வந்து கூட்டைப் பெட்டிக்கு மாற்றி எடுத்துப்போகிறேன். நிலாவெளியோ, கிண்ணியாவோ, மூதூரோ, தூரம் பரவாயில்லை.