காப்புரிமைத் தாளோடு கணக்குப் புத்தகமும் வேண்டும்

காலணித் துறைக் கண்டுபிடிப்பாளர் ஒருவரின் கடிதங்களும் கணக்குகளும் காப்பகத்தில் இருப்பதைப் பற்றிய கட்டுரைக்கு நன்றி. படித்ததும் ஜான் எர்ன்ஸ்ட் மாட்ஸெலிகர் நினைவுதான் வந்தது. சுரினாமில் 1852-இல் பிறந்து, அமெரிக்காவின் லின் நகரில் ஷூ தொழிற்சாலையில் வேலை பார்த்தவர்.

நான் ஷூ கம்பெனியில் லாஸ்டிங் பிரிவில் இருந்தவன். ஷூவின் மேல்தோலைக் கால் வடிவக் கட்டையின் மேல் இழுத்து, விரல் முனையில் சுருக்கம் விழாமல் மடித்து, அடியில் பிடிக்க வைப்பது லேசான வேலை இல்லை. கொஞ்சம் தளர்ந்தாலும் ஜோடி வீண். மாட்ஸெலிகர் காலத்தில் கைதேர்ந்தவரே நாளுக்கு 50 ஜோடிதான் முடிப்பார். அந்தக் கையசைவை அப்படியே இயந்திரமாக்கினார் மாட்ஸெலிகர். 1883-இல் காப்புரிமை கிடைத்தது. வரைபடம் புரியாமல் காப்புரிமை அலுவலக அதிகாரியே லின்னுக்கு நேரில் வந்து பார்த்தாராம்!

ஆனால் பணம் திரட்ட மூன்றில் இரண்டு பங்கு உரிமையை முதலீட்டாளர்களுக்குக் கொடுத்தார். 1889-இல், 36 வயதில், காசநோயில் போய்விட்டார். காப்புரிமைத் தாளில் இயந்திரம் மட்டும்தான் தெரியும். அந்த மனிதர் எதை இழந்தார் என்பது ஒப்பந்தத்திலும் ரசீதிலும்தான் இருக்கும். பழைய தொழிற்சாலைகளை மூடும்போது அந்தக் காகிதங்களைத் தயவுசெய்து எடைக்குப் போடாதீர்கள்.