தங்கத்தை விட வெப்பமானி மேல்

ஆல்ப்ஸ்னாலே நமக்கு டூயட் பாட்டுதான் ஞாபகம் வரும், ஆனா ஆஸ்திரியாவுல ஹோகே டவுர்ன்னு ஒரு மலைத்தொடர் இருக்கு, அங்க ரெண்டாயிரம் வருஷத்துக்கு மேல தங்கம் தோண்டியிருக்காங்க. அந்தப் பக்கத்து டவுரிஸ்கி ஜனங்க நாட்டுல கிடைச்ச தங்கத்தால இத்தாலில தங்க விலை மூணுல ஒரு பங்கு சரிஞ்சுதுன்னு பழைய கிரேக்க வரலாற்று ஆசிரியர் பொலிபியஸ் சொன்னதா, இன்னொரு கிரேக்கர் ஸ்ட்ராபோ எழுதி வெச்சிருக்கார். (இன்னைக்கு பவுன் விக்கிற விலைக்கு அப்படி ஒரு மலை இப்ப மாட்டினா புண்ணியமா போகும்.) ஆனா நான் சொல்ல வந்தது தங்கத்தைப் பத்தி இல்ல, அந்தச் சுரங்கத்துல இருந்து வந்து மலை உச்சில வானிலை நிலையம் கட்டின ஒருத்தரைப் பத்தி.

உச்சம்னா 16ம் நூற்றாண்டு நடுவுல. காஸ்டைன், ராவ்ரிஸ் ரெண்டு பள்ளத்தாக்குலயும் வெள்ளமா பணம், அப்ப அந்தப் பகுதியை ஆண்ட சால்ஸ்பர்க் பேராயர் கஜானா ரொம்பிச்சு. இன்னைக்கும் அந்த ஊர் பெருமைன்னு பேசினா பேராயர்கள், மாளிகை, அதோட முடிச்சுடுறாங்க. எனக்கு இதுதான் கடுப்பு. தோண்டினவன் ரெண்டாயிரம் மீட்டருக்கு மேல, பனிக்கட்டி ஓரமா குடிசைல கிடந்தான். குளிர்காலத்துல தாதுக்கல்லை பன்னித்தோல் மூட்டைல கட்டி, ஒண்ணோட ஒண்ணு கோத்து, முன் மூட்டை மேல ஆள் உக்காந்து, ஒரு கம்பை ஊன்றி ஊன்றி பிரேக் போட்டுக்கிட்டே பனில சறுக்கி இறங்குவாங்க, கொஞ்சம் பிசகினா ஆளும் மூட்டையும் சேர்ந்து பாதாளம்தான். காலி மூட்டையை மறுபடி மேல தூக்கிட்டுப் போறதுக்கு நாய்ங்க.

அப்புறம் நல்ல தாது குறைஞ்சுது, பனியாறு பெருத்து சுரங்க வாசலையே மூடிச்சு. 1731ல பேராயர் ஃபிர்மியான் புராட்டஸ்டன்ட் ஜனங்களை, கிட்டத்தட்ட 20,000 பேரை, நாட்டை விட்டே துரத்தினார், அதுல சுரங்கத்து ஆளுங்களும் போயிட்டாங்க. தொழில் தெரிஞ்சவனை விரட்டிட்டு தங்கம் வரலைன்னா எப்படி வரும்?

நான் சொல்ல வந்த ஆள் இக்னாஸ் ரோயாகர். அதே ராவ்ரிஸ் சுரங்கத்துல சாதாரண தொழிலாளியா இருந்து கடைசில சுரங்கத்தையே வாங்கினவர். அவர் கைக்கு வந்தப்ப லாபம்னு பெருசா ஒண்ணும் இல்ல. வியன்னால யூலியுஸ் ஹான்னு வானிலை விஞ்ஞானி, உயரமான சிகரத்துல ஒரு நிலையம் வேணும்னு தேடிட்டு இருந்தார், அதுக்கு நம்ம ரோயாகர், சோன்பிளிக்ங்கிற மலை உச்சில, 3,106 மீட்டர்ல, தன்னோட சுரங்க ஆளுங்களை வெச்சே கட்டிக் குடுத்துட்டார். 1886 செப்டம்பர்ல திறந்தாங்க, 1891ல அவர் போயிட்டார். நிலையம் இன்னும் ஓடுது, மலைக்கு மேல வெப்பம் எப்படி ஏறுச்சுன்னு இவ்ளோ நீளமான கணக்கு உலகத்துல வெகு சில இடத்துலதான் இருக்கு. பேராயர் கஜானா தங்கம் எங்க போச்சுன்னு யாருக்கு என்ன, இந்தக் கணக்கைத்தான் விஞ்ஞானிங்க இன்னைக்கும் புரட்டுறாங்க.

பக்கத்துல, காஸ்டைன் பள்ளத்தாக்கு பொக்ஸ்டைன்ல இன்னொரு கூத்து. 1940கள்ல தங்கம் தேடி ஒரு சுரங்கம் குடைஞ்சாங்க, தங்கம் பேருக்குக்கூட தேறல, ஆனா வேலை செஞ்சவங்க மூட்டுவலி குறைஞ்சுதுன்னு சொல்ல, உள்ள பார்த்தா வெக்கையும், கதிரியக்கம் உள்ள ரேடான் வாயுவும். இப்ப காசு குடுத்து உள்ள போய் படுக்கிறாங்க, அது எவ்ளோ தூரம் வைத்தியம்ங்கிறதுல எனக்கு சந்தேகம்தான்.

ராவ்ரிஸ்ல டூரிஸ்ட் கைல தட்டைக் குடுத்து ஆத்துல தங்கம் அரிக்க விடுறாங்க. அரிங்க, வேணாம்னு சொல்லல. அப்படியே சோன்பிளிக் அடிவாரத்துல இருக்கிற கோல்ம் சைகுர்ன் வரைக்கும் போய் தலையைத் தூக்கி அந்த உச்சியையும் ஒரு தடவை பார்த்துட்டு வாங்க.