நாலு பேர் கதை சொல்கிறார்கள், குரல் என்னவோ ஒன்றுதான்

கரென் மெக்மேனஸின் 'ஒன் ஆஃப் அஸ் இஸ் லையிங்' (2017) படித்து முடித்தேன். ஆளாளுக்குத் தலையில் தூக்கிவைத்துக் கொண்டாடிய புத்தகம். எனக்கு ஏமாற்றம்தான். முடிவு உட்பட எல்லாவற்றையும் போட்டு உடைக்கப் போகிறேன், படிக்கிற எண்ணம் இருந்தால் இங்கேயே நிறுத்திக்கொள்ளுங்கள்.

கலிஃபோர்னியாவில் ஒரு பள்ளி. வகுப்புக்குப் போன் கொண்டுவந்ததாக ஐந்து பேரைப் பள்ளி விட்ட பிறகும் உட்கார வைக்கிறார்கள், அந்தப் போன்களோ அவர்களுடையவையே இல்லை. அதில் ஒருவன் சைமன், சக மாணவர்களின் ரகசியங்களை ஒரு ஆப்பில் போட்டு எல்லோரையும் நடுங்க வைத்தவன். தண்ணீர் குடிக்கிறான், நிலக்கடலை ஒவ்வாமையில் விழுகிறான், நர்ஸ் அறையில் இருக்க வேண்டிய ஊசியைக் காணோம், ஆள் போய்விடுகிறான். மறுநாள் மற்ற நாலு பேரின் ரகசியங்களும் வெளியாக இருந்தன. ஆரம்பம் அட்டகாசம், மறுக்கவே மாட்டேன்.

அப்புறம்தான் சறுக்கல். படிப்பாளி பிரான்வின், பேஸ்பால் வீரன் கூப்பர், அழகி ஆடி, போதைப்பொருள் விற்கும் நேட். வெவ்வேறு ரகத்து ஐந்து மாணவர்கள் பள்ளித் தண்டனையில் ஒன்றாக மாட்டிக்கொள்கிற, 1985-இல் வந்த 'த பிரேக்ஃபஸ்ட் கிளப்' படத்தின் அதே அச்சு, கூடுதலாக ஒரு பிணம். சரி, அச்சு பழசாக இருக்கட்டும், உள்ளே ஆள் வேண்டாமா? நாலு பேரும் மாறி மாறி 'நான்' என்று கதை சொல்கிறார்கள், மேலே போட்டிருக்கும் பெயரைக் கையால் மறைத்துவிட்டால் யார் பேசுவது என்று சம்பவத்தை வைத்துத்தான் கண்டுபிடிக்க முடியும். யேல் பல்கலைக்கழகக் கனவில் இருக்கிற பெண்ணுக்கும் குடிகார அப்பாவோடு தனியாகக் கிடந்து அல்லாடுகிற பையனுக்கும் ஒரே மாதிரி நக்கல் எப்படி வரும்?

எனக்குப் பெரிய கடுப்பு கூப்பர் விஷயத்தில். அவன் தலைக்குள்ளேயே உட்கார்ந்திருக்கிறோம், நினைப்பதெல்லாம் நமக்குக் கேட்கிறது, ஆனால் தான் ஒரு பையனைக் காதலிப்பதை மட்டும் நமக்குத் தெரியாமல் நினைத்துக்கொள்கிறான்! அதை மறைத்து வாழ்கிற பயம்தான் அவன் கதையே. அதை எழுதாமல், ஊக்கமருந்து என்று நம்மைத் திசைதிருப்பிவிட்டு, ஒரு திருப்பத்துக்காகப் பதுக்கி வைத்திருக்கிறார்.

ஆடி மட்டும் விதிவிலக்கு. காதலன் ஜேக் கிழித்த கோட்டைத் தாண்டாதவள், அவன் கைவிட்ட பிறகு நீளக் கூந்தலை வெட்டிக்கொண்டு அக்காவின் துணையோடு மெல்ல நிமிர்கிற பக்கங்களில் நிஜமாகவே ஒரு பெண் இருக்கிறாள்.

கடைசியில் பார்த்தால் சைமன் தன் சாவைத் தானே திட்டமிட்டு, பழியை மற்றவர்கள்மேல் போட ஏற்பாடு செய்திருக்கிறான், ஜேக் கூட்டு. அவ்வளவு வெறுப்பும் சோர்வும் ஒரு பதின்வயதுப் பையனுக்குள் எப்படிச் சேர்ந்தது என்பதுதானே நாவல்? அதை மற்றவர்கள் வாயால் அவசர அவசரமாக விளக்கிவிட்டுக் கதையை முடிக்கிறார். பிள்ளைகள் படிக்கிற புத்தகத்தில் தற்கொலையைப் பழிவாங்கும் தந்திரமாக மட்டும் வைத்துவிட்டுப் போவது எனக்குச் சுத்தமாகப் பிடிக்கவில்லை. 'இளையோர் நாவல்தானே, விடு' என்று யாரும் வராதீர்கள், அந்த வயதுக்காரர்களுக்கு மட்டும் அரைகுறை மனிதர்கள் போதுமா என்ன?

2020-இல் ஒன்று, 2023-இல் ஒன்று என்று இன்னும் இரண்டு பாகங்கள் வந்திருக்கின்றன. இரண்டாவதில் பிரான்வினின் தங்கை மேவ் கதை சொல்கிறாள், இந்த நாலு பேரைவிட அவளிடம் கொஞ்சம் துடிப்பு இருந்தது. நூலகத்தில் கிடைத்தால் பார்க்கலாம், காசு கொடுத்து வாங்குவதாக இல்லை.