கடல்வாயில் தேடினால் பசளை கிடைக்காது

2021இல் இரசாயனப் பசளை இறக்குமதித் தடையால் இலங்கையில் பட்ட பாட்டை மறக்காதவர்கள், கொழும்புக் கழிவுநீரில் பொசுபரசு எடுக்கலாமே என்கிறார்கள். எடுக்கலாம். ஆனால் வெள்ளவத்தையிலும் முகத்துவாரத்திலும் கடலுக்குள் போகும் குழாயின் முனையில் நின்றுகொண்டு அல்ல. குளித்தது, கழுவியது, ஃப்ளஷ் பண்ணியது எல்லாம் கலந்த சாக்கடையில் லீற்றருக்கு 5 முதல் 10 மில்லிகிராம் பொசுபரசுதான் இருக்கும். பொசுபரசைப் பசளையாகப் பிடித்துத் தரும் ஸ்ட்ருவைற் படிகம் (மகனீசியம், அமோனியம், பொசுபேற்று சேர்ந்த உப்பு) செலவுக்குக் கட்டுபடியாக 100 மில்லிகிராம் அளவிலாவது வேண்டும்.

அந்தச் செறிவு, காற்றில்லாத தொட்டியில் செரித்த சேற்றைப் பிழிந்த நீரில் உண்டு. அதைவிடக் கூடுதலாக, தண்ணீர் கலக்காத சிறுநீரில் உண்டு. பஸ் நிலையம், பாடசாலை, அலுவலகக் கட்டடம் என்று ஆண்களின் யூரினல் வரிசையாக இருக்கும் இடங்களில் தனிக் குழாய் போட்டால் போதும்.

அந்தச் சிறுநீரை மூடிய பீப்பாயில் சில வாரம் விட்டால் யூரியா அமோனியாவாகி காரத்தன்மை ஏறி pH தானாகவே 9ஐ எட்டும். மூடி திறந்திருந்தால் அமோனியா பறந்துவிடும், அக்கம்பக்கமும் சண்டைக்கு வரும். பிறகு பொசுபேற்றை அளக்க வேண்டும். லீற்றருக்கு 250 மில்லிகிராம் பொசுபரசு இருந்தால், 100 லீற்றருக்கு எப்சம் உப்பு (மகனீசியம் சல்பேற்று) 220 கிராம். அதைக் கொஞ்சத் தண்ணீரில் கரைத்து ஊற்றி, பத்து நிமிடம் மெதுவாகக் கலக்கி, அடங்க விட்டு, துணிப்பையில் வடித்தால் கிடைக்கும் ஸ்ட்ருவைற் 200 கிராமுக்குச் சற்றுக் குறைவு. வேகமாகக் கலக்கினால் படிகம் பொடியாகித் துணி வழியே போய்விடும். உப்பளத்தில் மிஞ்சும் கசப்பு நீரும் மகனீசியத்துக்கு நல்லது, மலிவு. ஆனால் செறிவு நாளுக்கு நாள் மாறும், அளக்காமல் ஊற்றக் கூடாது. யூரினலைக் கழுவ விடும் தண்ணீர் யாழ்ப்பாணத்துச் சுண்ணக்கல் கிணற்று நீர் மாதிரி கடினமானதென்றால் கல்சியம் குறுக்கே வந்து ஸ்ட்ருவைற்றுக்குப் பதிலாகக் கல்சியம் பொசுபேற்றுத்தான் படியும். (யூரினல் குழாயை அடைக்கும் கல்லும் இந்த இரண்டின் கலவைதான்.)

காய வைப்பதில்தான் பலர் கெடுக்கிறார்கள். 50 பாகைக்கு மேல் சூடாக்கினால் அமோனியாவும் படிக நீரும் போய்விடும். குவித்து வைத்தால் கொழும்பு ஈரத்தில் காயவே காயாது, குடற்பூச்சி முட்டைகளும் சாகாது. மெல்லிதாகப் பரப்பி, நிழலில், காற்றோட்டத்தில். அப்படியும் கீரைப் பாத்திக்கு வேண்டாம்.

ஸ்ட்ருவைற்றில் பொசுபரசு 12.6 சதவீதம், மகனீசியம் 10 சதவீதத்துக்குக் கிட்ட. மகனீசியக் குறைவால் ஓலை மஞ்சளாகும் தென்னைக்கு இது இரட்டை லாபம். எப்பாவலவில் தோண்டும் பொசுபேற்றுப் பாறையான அப்பறைற்றைவிட வேருக்கு இலகுவில் கரையும்.

ஒன்றை மட்டும் மறைத்துப் பேசுகிறார்கள்: சிறுநீரின் நைதரசனில் 100க்கு 5 பங்குகூட ஸ்ட்ருவைற்றில் சேராது. மிச்சம் வடித்த நீரிலேயே நிற்கும். அதைத் திரும்பச் சாக்கடையில் ஊற்றினால் பாதி வேலைதான் செய்தோம். தண்ணீர் சேர்த்துப் புல்லுக்கோ வாழைக்கோ விட இடம் பார்த்துவிட்டுத்தான் பீப்பாயை வைக்க வேண்டும்.

புதுச் சுத்திகரிப்பு நிலையம் வரையும் பொறியியலாளர்களுக்கும் ஒரு வார்த்தை. படிகாரமோ இரும்புக் குளோரைட்டோ போட்டுப் பொசுபரசைப் பிடித்தால் அது சேற்றோடு பூட்டிக்கொள்ளும், பிறகு ஸ்ட்ருவைற்றாக வராது. அதை வரைபடத்திலேயே தீர்மானியுங்கள், கொன்கிறீற் போட்ட பிறகு அல்ல.